இருபத்தேழு தம்ளர் தண்ணீர்

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் பக்கத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை யாருக்கும் பிடிக்கவில்லை. மூன்று மாதத்தில் என் வீட்டு வாசலில் மட்டும் பதினான்கு பேர் வந்து நின்று, கடல் எதுவரை வந்தது என்று கேட்டார்கள். பதினான்கு பேரையும் நான் கேட்டுக்கு வெளியிலேயே அனுப்பினேன். பதினைந்தாவதாக வந்தவளை உள்ளே விட்டேன். அவள் கடலைக் கேட்கவில்லை. இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள்.

அந்தப் புகைதான் என் மனைவியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு மரக்காணம் உப்பளங்களின் வடமேற்கு ஓரத்தில் இருந்தது. எதிரே பாத்திகள், பாத்திகளுக்கு அந்தப் பக்கம், தென்கிழக்கில், பழைய டயர்களை அடுப்பில் போட்டு எண்ணெய் எடுக்கிற ஒரு கொட்டகை. வரப்பு வழியாக நடந்தால் என் காலடிக்கு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு அடி. பகல் பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று எழும்பினால் அந்தக் கறுப்புப் புகை பாத்திகளின் மேல் படுத்தபடியே வந்து எங்கள் ஜன்னலில் ஏறும். கொட்டகை ஓடிய நாட்களில் என் மனைவி சராசரியாக அறுபது தடவை இருமினாள். முதலாளி வீட்டில் ஏதாவது விசேஷம் என்று அடுப்பை நிறுத்திய நாட்களில் பதினெட்டு, இருபது. நான் புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன். வயலில் நின்று கதிர்களை எண்ணியவன். எனக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டது. பத்தொன்பது மனு எழுதினேன். மூன்றுக்குப் பதில் வந்தது. மூன்றிலும் ஆவன செய்யப்படும் என்று இருந்தது.

திண்டிவனத்து டாக்டர் இடத்தை மாற்றுங்கள் என்றார். போவதற்கு எங்களுக்கு இன்னொரு வீடு இல்லை.

படம் எடுக்க வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். சென்னைக்காரி. பாண்டிச்சேரியில் அறை எடுத்துத் தங்கி, ஸ்கூட்டரில் வருவாள். சுனாமிப் படம் எடுக்கத்தான் முதலில் வந்தாளாம். அழுகிற முகங்களை எடுத்து எடுத்துத் தனக்கே வெறுத்துப்போய்விட்டது என்றாள். இனிமேல் காற்றைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டப் போகிறாளாம்.

"காத்தை எப்படிம்மா படம் புடிப்ப?"

"அதான் அங்கிள் கஷ்டம். புகையை எடுத்தா ரொம்ப அழகா வந்துடுது. சாயங்கால வெளிச்சம், கீழ பாத்தித் தண்ணி, மேல கறுப்புப் புகை. காலண்டர்ல மாட்டலாம் போல இருக்கு. யாருக்கும் கோவமே வர மாட்டேங்குது."

அங்கிள் என்று அவள் கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாளே பதினேழு தடவை கூப்பிட்டாள். ஆனால் அழகாக வந்துவிடுகிறது என்று அவள் குறைப்பட்டுக்கொண்டது எனக்குச் சரியாகப் பட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு என் நோட்டுகளைக் காட்டினேன். மொட்டை மாடியில் வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்து, சாயங்காலம் அதில் விழுந்திருக்கும் கரித்துகள்களைப் பூதக்கண்ணாடியால் எண்ணி எழுதியவை. அவள் நோட்டை நான்கு பக்கம் புரட்டினாள்.

"நம்பரைப் பார்த்தா ஒருத்தருக்கும் ஒன்னும் தோணாது அங்கிள். உப்புல காட்டலாம். எல்லாரும் சாப்பிடற பொருள். உப்பு கறுப்பா இருந்தா பயப்படுவாங்க."

எனக்கு அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. என் முட்டாள்தனத்தை இதற்குமேல் மென்மையாக எழுத முடியாது.

இரண்டு வாரம் விடியற்காலையில், ஆட்கள் வருவதற்கு முன்னால், வரப்புகளில் நடந்து குவியலுக்கு ஒரு கரண்டி உப்பு எடுத்தேன். முப்பத்தொரு குவியல். ஒவ்வொரு கரண்டியிலும் கறுப்பை எண்ணினேன். பாத்திகளின் மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்த சில சின்னக் குவியல்களில் கறுப்பு எண்ண முடியாத அளவு இருந்தது. அவள் அவற்றைத்தான் படம் எடுத்தாள். கிட்டத்தில் வைத்து, ஒவ்வொரு கல்லும் விரல் பருமன் தெரிகிற மாதிரி. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினொரு வருஷமாக அந்தப் பாத்திகளுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தவன் நான்.

இன்னொரு படமும் எடுத்தாள். என் மனைவி ஜன்னல் ஓரத்தில் இன்ஹேலரை வாயில் வைத்து இழுக்கிற படம். மனைவிக்கு அதில் விருப்பமில்லை.

"என் மூச்ச எதுக்குங்க ஊருக்குக் காட்டணும்? நான் என்ன சுனாமியில போனவளா?"

"உனக்காகத்தான் எல்லாம்" என்றேன்.

"எனக்காகன்னா என்னக் கேக்கணும்" என்றாள். அதற்குமேல் பேச அவளுக்குத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்தில் இருபத்து நான்கு படங்களை மாட்டினோம். எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கே வாசலில் எண்பத்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். என் நெஞ்சு விம்மியது. கிட்டே போய்ப் பார்த்தால் ஆளுக்கு ஆள் கையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். அந்த ஆறு மாதத்தில் அங்கே படம் மாட்டிக் கூட்டம் போட்டவர்கள் எல்லோரும் கடைசியில் பாத்திரமோ போர்வையோ கொடுத்திருந்தார்கள். இதுவும் அப்படித்தான் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.

"பேரு எங்க எழுதறீங்க?"

"பேரெல்லாம் எழுதலீங்க. இது புகையைப் பத்தி."

"புகைக்கு எவ்ளோ தர்றாங்க?"

ஒன்றும் தரவில்லை, பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னதும் வரிசை கலைந்தது. போனவர்கள் பேசாமல் போகவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்பா, ஞாயித்துக்கெழம ஆளக் கூட்டி வச்சி வெளையாடறியா?" என்று கேட்டவனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. மிச்சம் இருந்தவர்கள் முப்பத்தைந்து பேர். அதில் பன்னிரண்டு பேர் உப்பளத்தில் வாருகிற பெண்கள். அவர்களை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வரும் பெண் முன்னால் நின்றாள். நாற்பது வயது இருக்கும். எதற்கும் உடனே வாய் திறக்காதவள். உப்புப் படத்தின் முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை.

அப்போது கொட்டகை முதலாளி வந்தார். கூட நான்கு பேர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தார். என் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று, "அம்மாவுக்கு ஒடம்பு எப்படி இருக்குதுங்க ஐயா?" என்று என்னிடமே கேட்டார். பிறகு உப்புப் படத்துக்கு வந்து, அந்தப் பெண்களைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்கம்மா. நீங்களே சொல்லுங்க. இது என்னா உப்பு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்குக் காரணம் இல்லை.

"மொதல்ல வார்ற உப்பு. பாத்திய மிதிச்சி வுட்டதும் அடிச் சேத்தோட வரும். அத ஓரமாப் போட்டுடுவோம். தோலு பதப்படுத்தறவங்க எடுத்துட்டுப் போவாங்க. யாரும் தின்றதில்ல."

"கறுப்பு?"

"சேறு."

சிரிப்பு முதலில் அவரோடு வந்த நால்வரிடமிருந்துதான் வந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "சாரு சேத்த எண்ணினு இருந்துக்கிறாரு" என்றான். முதலாளி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "படிச்சவங்க, கவர்மென்ட்ல இருந்தவங்க. நாலு பேரக் கேட்டுட்டு செய்யலாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு என் மனைவியின் படத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு போனார். உப்பின் கறுப்பு பொய் என்றால் அவளுடைய மூச்சும் பொய்தானே. அதைத்தான் அவர் சொல்லாமல் சொன்னார்.

மறுநாள் காலையில் எங்கள் கேட்டுக்கு முன்னால் பாத்திச் சேறு கொட்டியிருந்தது. ஐந்து கூடை இருக்கும். என் மனைவி ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு, "எண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் எழுபத்தொரு தடவை இருமினாள்.

நான் சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் சேறு என்று சொன்ன அந்த உப்பளத்துப் பெண் வந்தாள். கொட்டியது அவள் கூட்டம்தான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். படம் எடுப்பவளும் ஸ்கூட்டரில் அந்த நேரத்துக்கே வந்து சேர்ந்தாள். அவளைத் திட்டுவதற்கு நான்தான் வரச் சொல்லியிருந்தேன். திட்டுவதற்கு எனக்கு முறை வரவில்லை.

"எங்க உப்ப அசிங்கம் பண்ணிட்டீங்க" என்றாள் அந்தப் பெண். "நேத்து கூட்டத்துல லாரி புரோக்கரு ரெண்டு பேரு நின்னாங்க. மரக்காணத்து உப்பு கறுப்புன்னு வெளிய போயி சொன்னா எங்களுக்கு ஏது வேல? டயரு வேகறது நிக்குதோ இல்லியோ, எங்க அளம் நின்னுடும்."

"புகை உங்களுக்கும்தானே வருது அக்கா?" என்றாள் படம் எடுப்பவள்.

"வராம? நாள் முச்சூடும் அதும் கீழதான் நிக்கிறோம். ராத்திரி துப்புனா எச்சில் கறுப்பா இருக்குது. ஆனா உப்புல கை வெக்காத. ஒரு தம்ளர் தண்ணி கொண்டா."

அவள் கேட்ட தண்ணீரை என் மனைவியே கொண்டுவந்தாள். அந்தப் பெண் கீழே கிடந்த சேற்றில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். கலங்கியது, கொஞ்ச நேரத்தில் அடியில் போய்ப் படிந்தது. பிறகு எங்கள் ஜன்னல் கட்டையில் விரலை இழுத்து, ஒட்டியதைத் தண்ணீர் மேல் உதறினாள். அது முழுகவில்லை. எண்ணெய்ப் பளபளப்போடு மேலேயே பரவி நின்றது.

"சேறு முழுவும். இது முழுவாது. இத எவன் சேறுன்னு சொல்லுவான்? தம்ளர்ல தண்ணி வெச்சி வெளிய வையி. உப்பு எதுக்கு?"

நான் பீங்கான் தட்டோடு கழித்த ஒன்றரை வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை. அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை. சேற்றை வாரி முடித்தேன்.

அப்படித்தான் இருபத்தேழு தம்ளர் வந்தது. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டு மாடியில் பன்னிரண்டு. வரப்புகளில், வேலை நடக்கிற இடத்தில், பதினைந்து. எல்லாம் ஒரே அளவு எவர்சில்வர். காலையில் சுத்தத் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்தோம். படம் எடுப்பவள் ஒவ்வொன்றையும் நேர் மேலிருந்து எடுத்தாள். தம்ளரைப் பிடித்திருக்கிற கையும், உள்ளே மிதக்கிற கறுப்பும். முகம் வேண்டாம் என்பது அந்தப் பெண் போட்ட நிபந்தனை. பன்னிரண்டு கை எங்கள் தெருவுடையது. பதினைந்து கை அவர்களுடையது. உப்பில் வெடித்த கைகள். என் மனைவியும் தன் கையைக் கொடுத்தாள். அவளை நான் கேட்கவில்லை. அவளாகவே தம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை கூடம் எடுக்கவில்லை. சந்தை நாளில், பஸ் நிற்கிற இடத்தில், கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டோம். கீழே ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது என்றாள் படம் எடுப்பவள். அவளோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன், தோற்றேன். அவள் செய்தது சரி. எழுத்து இல்லாததால் நின்றார்கள்.

"இன்னாது, கண்ணு மாதிரி இருக்குது?"

"டிக்காஷன்டா."

"எந்தக் கடையில இவ்ளோ கெட்டியா குடுக்கறான்? சொல்லு, போறேன்."

என்னவென்று சொன்ன பிறகு அவர்கள் சிரிக்கவில்லை. உன் வீட்டு வாசலில் ஒரு தம்ளர் வைத்துப் பார் என்று சொல்லி அனுப்பினோம். வைத்தார்கள். அதுதான் வேலை செய்தது, படம் அல்ல. படம் வைக்கச் சொன்னது, அவ்வளவுதான். அடுத்த சந்தைக்குள் ஆட்கள் தம்ளரைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்கே போய்க் கத்தினார்கள். முதலாளியின் ஆட்கள் நான்கு படத்தைக் கிழித்தார்கள். கிழித்த இடத்தில் யாரோ தம்ளரையே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். என் பத்தொன்பது மனுவுக்கு வராத அதிகாரி ஆகஸ்ட் மாதம் ஜீப்பில் வந்தார்.

கொட்டகைக்கு எதிரே பந்தல் போட்டுப் பேச்சுவார்த்தை. அதிகாரி நடுவில். முதலாளி எழுந்து கை கூப்பினார்.

"ஊரு வார்த்த எனக்கு மேல. புகைக்குழாய முப்பது அடி ஒசத்திடறேன். ஒரே மாசம்."

கை தட்டினார்கள். அந்தப் பெண் பின்னாலிருந்து எழுந்தாள்.

"ஒசத்துனா புகை எங்க போவும் சார்?"

"மேல போயிடும்மா" என்றார் அதிகாரி.

மேலே போவது எங்காவது இறங்கும். எங்கே என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் காற்றின் திசையைக் காலை மாலை எழுதியவன் நான். அதே தென்கிழக்குக் காற்றுதான்; குழாய் உயர்ந்தால் பாத்திகளைத் தாண்டும், எங்கள் தெருவைத் தாண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால், சாலைக்கு மேற்கே, அவளும் அவளோடு வாருகிறவர்களும் குடியிருந்த காலனி. என் நோட்டு மடியில்தான் இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்து, "சார், நீங்கதான் ரெக்கார்டு வெச்சிருக்கீங்களாம். உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்டார்.

என் மனைவி அன்று மதியத்துக்குள் ஐம்பத்தெட்டு வரை இருமிவிட்டுப் படுத்திருந்தாள்.

"ஓகேங்க" என்றேன்.

குழாயை உயர்த்தினார்கள். நான் கூடத் துணைக்கு நின்று அடி அளந்தேன். முப்பது சொல்லி இருபத்தெட்டு போட்டிருந்தார்கள், அதற்கும் சண்டை போட்டு முப்பது ஆக்கினேன். முதல் வாரத்தில் என் மனைவியின் இருமல் நாற்பதுக்கு இறங்கியது. மழைக்காலம் முடிந்து தை பிறந்தபோது இருபத்திரண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தாள். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்ததை நான் எட்டு வருஷத்துக்குப் பிறகு கேட்டேன்.

படம் எடுப்பவள் அந்தப் படங்களைச் சென்னையில் ஒரு மண்டபத்தில் மாட்டினாள். அழைப்பு அனுப்பியிருந்தாள். ஒரு கிராமம் தன் காற்றை மீட்ட கதை என்று அட்டையில் அச்சடித்திருந்தது. முகப்பில் இருந்த கை காலனிக்காரர் ஒருவருடையது. நான் போகவில்லை.

மார்ச் மாதம் அந்தப் பெண் வந்து கேட்டில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எங்க பக்கம் எறங்குது சார். பகல்ல அளத்துல இருக்கிறப்ப ஒன்னுமில்ல. வூட்டுக்குப் போனா அங்க இருக்குது. கெழவிங்க, புள்ளைங்க எல்லாம் வூட்டுலதான இருக்குது. நீங்க ஒருவாட்டி வந்து உங்க தட்டு வெச்சி எண்ணிக் குடுங்க. நாங்க எண்ணினா எவனும் நம்ப மாட்டான். அந்தப் படக்காரப் பொண்ணுக்கும் போன் போட்டுச் சொல்லுங்க."

போகலாம். நடந்தால் பத்து நிமிஷம்கூட இல்லை. ஆனால் மறுபடி அதிகாரி வந்து, மறுபடி பந்தல் போட்டு, குழாய் சரியில்லை, பழையபடி ஆக்கு என்று முடிவானால்? அதை முதலாளி சந்தோஷமாகச் செய்வார். நான் இந்தக் கணக்கை அவள் வருவதற்கு முன்னாலேயே போட்டு வைத்திருந்தேன்.

"எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியறதில்லம்மா. எண்ண முடியாது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையில் இருந்த நோட்டையும் பேனாவையும் பார்த்தாள்.

"அன்னிக்கு எங்க கையி பதினஞ்சு கேட்டப்ப கண்ணு தெரிஞ்சிதா?" என்றாள். சத்தம் போடவில்லை. கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

உள்ளே வந்தேன். என் மனைவி அரிவாள்மணையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க?"

"யாருமில்ல. வழி கேட்டாங்க."

"அந்தப் பொண்ணு கொரலு எனக்குத் தெரியாதா" என்றாள்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். போன வருஷம் என்றால் இரண்டு வார்த்தைக்குமேல் அவளுக்கு வராது. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டுகிற அளவுக்கு மூச்சு இருந்தது. அவள் திட்டவில்லை. கத்திரிக்காயை முடித்தாள், மணையைக் கழுவினாள், எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே புகை இல்லை. நல்ல காற்றுதான் வந்துகொண்டிருந்தது. நான் மறுபடி திறந்தபோது அவள் மறுபடி சாத்தினாள்.